நரம்புக் கடத்தல் ஆய்வின் இயல்பு வரம்புகள்: சொந்தமாகத் திரட்டுவதா, வெளியானவற்றைச் சரிபார்த்து ஏற்பதா?

கேள்வி: காவிரிப்படுகை

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையில், நரம்புகள் மின்தூண்டலை எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகக் கடத்துகின்றன என்று அளக்கும் நரம்புக் கடத்தல் ஆய்வகத்தின் பொறுப்பை அண்மையில் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். இயந்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. டெக்னீஷியன் இருவரும் அனுபவம் உள்ளவர்கள். என்னை உறுத்துவது, இயந்திரத்தின் மென்பொருளோடு வந்த இயல்பு அட்டவணைதான். அளந்த எண் அந்த அட்டவணையின் வரம்பைத் தாண்டினால் அறிக்கையில் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி தானாகவே விழுந்துவிடுகிறது. ஆனால் அந்த வரம்புகள் எந்த நாட்டினரிடம், எந்த வயதினரிடம், எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில், தோலின் வெப்பநிலை எவ்வளவு இருந்தபோது எடுக்கப்பட்டவை என்ற விவரம் கையேட்டில் எங்கும் இல்லை. வெளியே வெவ்வேறு இடங்களில் ஆய்வு செய்துகொண்டு எங்களிடம் வருபவர்களின் அறிக்கைகளைப் பார்த்தால், மணிக்கட்டில் மீடியன் நரம்பின் (கட்டைவிரல் பக்கத் தசைகளுக்குச் செல்வது) டிஸ்டல் லேட்டன்சிக்கு (மணிக்கட்டில் தூண்டியதிலிருந்து தசையில் அலை எழும் வரை ஆகும் நேரம்) ஒன்றில் 4.0, இன்னொன்றில் 4.2, மற்றொன்றில் 4.5 மில்லிசெகண்ட் என்று மேல் வரம்பு அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரே கை ஓரிடத்தில் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடும் நோய்) என்றும், மற்றோரிடத்தில் இயல்பு என்றும் பெயர் பெற்றுவிடுகிறது.

இந்தக் கேள்வியை எழுதத் தூண்டிய நோயாளி 28 வயதுப் பெண்; உயரம் 153 செ.மீ. பாதங்களில் சில மாதங்களாக மதமதப்பு இருக்கிறது. கணுக்கால் அனிச்சைச் செயல் இரு பக்கமும் மங்கல். காலின் பெரோனியல் நரம்பில் கடத்தல் வேகம் விநாடிக்கு 40 மீட்டர் வந்தது. எங்கள் அட்டவணையில் கீழ் வரம்பு 38 என்பதால் நட்சத்திரம் விழவில்லை. கையால் பரிசோதித்தால் நரம்பு நோய் என்று தோன்றுகிறது. காகிதம் இயல்பு என்கிறது.

எங்கள் வட்டார மக்களிடமே ஆரோக்கியமானவர்களைத் தேர்ந்தெடுத்து நாங்களே இயல்பு வரம்புகளை உருவாக்குவதுதான் சரியான வழியா? அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்? அல்லது ஏற்கெனவே வெளியான நல்ல வரம்புகளை எடுத்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: வைகை நரம்பியலர்

வணக்கம் டாக்டர். ஒவ்வோர் ஆய்வகமும் தன் சொந்த இயல்பு வரம்புகளை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது நாங்கள் பயிற்சியில் இருந்தபோது வேதவாக்காக இருந்தது. நடைமுறையில் அதன் விளைவு என்னவென்றால், ஆளுக்கு ஆள் 30 பேர், 40 பேர் என்று கிடைத்தவர்களை வைத்து எடுத்த வரம்புகள் ஊருக்கு ஒன்றாகப் பெருகிவிட்டன. நீங்கள் கண்ட 4.0, 4.2, 4.5 என்ற குழப்பத்தின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. எனவே முதலில் வெளியான நல்ல வரம்புகளை எடுத்து, அவை உங்கள் ஆய்வகத்துக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். பொருந்தவில்லை என்று தெரிந்தால் மட்டும் சொந்தத் திரட்டலுக்குப் போகலாம்.

இதற்கு இன்று கையில் இருக்கும் சிறந்த தொகுப்பு, அமெரிக்க நரம்புத்தசை மற்றும் மின்னாய்வு மருத்துவச் சங்கத்தின் பணிக்குழு 2016இல் வெளியிட்டது. அந்தக் குழு 1990க்குப் பின் வந்த ஆய்வுகளைச் சலித்தெடுத்தது. குறைந்தது 100 ஆரோக்கியமானவர்களாவது இருக்க வேண்டும், மின்முனை வைக்கும் முறையும் தூரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும், வெப்பநிலை கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும், வயதுப் பரவல் இருக்க வேண்டும், புள்ளியியல் முறை பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை வைத்தபோது, ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் தேறியவை மிகச் சில. பல நரம்புகளுக்கு ஒரே ஒரு ஆய்வுதான் மிஞ்சியது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை அந்தக் குழுவின் நேர்மையாகவே பார்க்கிறேன்.

அந்தத் தொகுப்பின்படி, 8 செ.மீ. தூரத்தில் தூண்டும்போது மீடியன் நரம்பின் டிஸ்டல் லேட்டன்சிக்கு மேல் வரம்பு 4.5 மில்லிசெகண்ட், முன்கையில் கடத்தல் வேகத்தின் கீழ் வரம்பு விநாடிக்கு 49 மீட்டர், தசை அலையின் (தூண்டும்போது தசையில் பதிவாகும் மின் அலை) உயரத்துக்குக் கீழ் வரம்பு 4.1 மில்லிவோல்ட். சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் அல்நார் நரம்புக்கு இவை முறையே 3.7, 52, 7.9. காலில் டிபியல் நரம்புக்கு 6.1, 39, 4.4. காலின் உணர்வு நரம்பான சூரல் நரம்பை 14 செ.மீ. தூரத்தில் தூண்டினால் அலையின் உயரம் 4 மைக்ரோவோல்ட்டுக்குக் குறையக் கூடாது. உச்சி லேட்டன்சி (அலையின் உச்சி வரை ஆகும் நேரம்) 4.5 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது.

இனி உங்கள் நோயாளிக்கு வருகிறேன். பெரோனியல் வேகத்துக்கு அதே தொகுப்பில் எல்லோருக்கும் பொதுவான கீழ் வரம்பு 38தான். உங்கள் அட்டவணையின் எண்ணும் அதுவே. ஆனால் அந்தத் தொகுப்பு அதோடு நிற்கவில்லை. வயதையும் உயரத்தையும் கொண்டு அதைப் பிரித்துத் தந்திருக்கிறது. 19 முதல் 39 வயது வரை, உயரம் 170 செ.மீ.க்குக் குறைவு என்றால் கீழ் வரம்பு 43. அதே வயதில் 170ஐ எட்டியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் 37. 40 முதல் 79 வயதுக்கு உயரம் குறைந்தவர்களிடம் 39, உயர்ந்தவர்களிடம் 36. அதாவது 38 என்ற பொது எண்ணை இழுத்துக் கீழே கொண்டுவந்தவர்கள் உயரமானவர்களும் வயதானவர்களும்தான். 153 செ.மீ. உயரமுள்ள 28 வயதுப் பெண்ணை அந்த எண்ணால் அளந்தால், உண்மையான குறை ஒளிந்துகொள்ளும். உங்கள் நோயாளியின் 40 அவருக்குரிய வரம்பான 43ஐ விடக் குறைவு.

இது உங்கள் ஒரு நோயாளியோடு முடியும் செய்தி அன்று. நம் ஊரில் ஆய்வுக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் 160 செ.மீ.யைத் தொடாதவர்கள். காலின் நரம்பு நீண்டால் அதன் கடைப்பகுதி மெலிந்து வேகம் குறைகிறது. தண்டுவடம் வரை சென்று திரும்பும் எஃப் அலையின் நேரமும் உயரத்தோடு நீள்கிறது. உயரமான மக்களையும் சேர்த்து எடுத்த பொது வரம்பைக் குட்டையான மக்களிடம் அப்படியே பொருத்தினால் நோயைத் தவறவிடும் பக்கமே சாய்வோம். எனவே வெளியான வரம்பை ஏற்பது என்றால் அதன் பொதுவரியை மட்டும் ஏற்பது போதாது. பிரிவுகளோடு சேர்த்து ஏற்க வேண்டும். பெரும்பாலான மென்பொருளில் வயதுக்கும் உயரத்துக்கும் தனித்தனி வரம்பை உள்ளிடும் வசதி இருக்கிறது. யாரும் உட்கார்ந்து உள்ளிடுவதில்லை, அவ்வளவுதான்.

பதில்: மின்முனை

டாக்டர் இருவருக்கும் வணக்கம். நான் டெக்னீஷியன், இந்தத் துறையில் பல்லாண்டுகளாக இருக்கிறேன். வரம்பு எந்த எண்ணாக இருந்தாலும், அதை எடுத்தவர் அளந்தபடியே நாமும் அளந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. எனவே முதலில் கேட்க வேண்டியது: அந்தப் பெண்ணுக்கு ஆய்வு செய்தபோது பாதத்தின் வெப்பநிலை எவ்வளவு?

தோலின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் கடத்தல் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும். டிஸ்டல் லேட்டன்சி ஏறக்குறைய 0.2 மில்லிசெகண்ட் நீளும். கை 29 பாகையில் இருக்கும்போது 4.7 காட்டும் மீடியன் நரம்பு, 32 பாகைக்கு வந்ததும் 4.1 ஆகிவிடக் கூடும். நோயே இல்லாத ஒருவருக்கு அறுவை சிகிச்சைப் பேச்சு எழுவதற்கு இந்த 3 பாகை போதும். தமிழ்நாட்டு வெயிலில் யாருக்குக் கை குளிரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏசி அறையில் அரை மணி நேரம் காத்திருந்து, வெறும் தரையில் நடந்து வந்து படுப்பவரின் பாதம் 28 பாகையில் இருப்பதை மே மாதத்திலும் பார்க்கலாம். கை 32 பாகைக்கும், பாதம் 30 பாகைக்கும் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் வெதுவெதுப்பான நீரிலோ அகச்சிவப்பு விளக்கின் கீழோ வைத்துச் சூடேற்ற வேண்டும். தோல் சூடானவுடன் அவசரப்படக் கூடாது, உள்ளே இருக்கும் நரம்பு சூடேற இன்னும் நேரம் எடுக்கும். கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும் சூத்திரங்கள் உண்டு. ஆனால் அவை ஆரோக்கியமான நரம்பில் கண்டறியப்பட்டவை, நோயுற்ற நரம்பு அதே கணக்கில் நடக்கும் என்று கொள்ள முடியாது. சூடேற்றி மறுபடி எடுப்பதே மேல்.

குளிர் வேறொரு விதத்திலும் ஏமாற்றும். வேகத்தைக் குறைக்கும் அதே குளிர், உணர்வு அலையின் உயரத்தைக் கூட்டிக் காட்டும். மெலிந்துபோன சூரல் அலை குளிர்ந்த காலில் 5 மைக்ரோவோல்ட்டாக எழுந்து தப்பித்துவிடலாம்.

அடுத்தது தூரம். மணிக்கட்டில் 8 செ.மீ.க்கு எடுத்த வரம்பை 7 செ.மீ.க்குத் தூண்டும் ஆய்வகம் பயன்படுத்தக் கூடாது. விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 0.2 மில்லிசெகண்ட், எல்லைக்கோட்டில் நிற்கும் நோயாளியை இப்பக்கமோ அப்பக்கமோ தள்ள அது போதுமானது. அளவுநாடாவைத் தோலின் மீது இழுத்துப் பிடிக்காமல், கை நேராக இருக்கும்போது, பதிவு மின்முனையின் நடுவிலிருந்து தூண்டும் எதிர்முனையின் நடு வரை அளந்து, பேனாவால் குறியிட்டுவிட்டுத்தான் தூண்ட வேண்டும். முழங்கையில் அல்நார் நரம்பை ஆய்வு செய்யும்போது கையை எவ்வளவு மடக்குகிறோம் என்பதும் தூரத்தை மாற்றும். நேராக நீட்டிய கையில் நரம்பு தளர்ந்து மடிந்து கிடப்பதால், மேலே அளக்கும் தூரம் உண்மையான நீளத்தைவிடக் குறைவாக வந்து, வேகமும் பொய்யாகக் குறைகிறது.

வடிகட்டி அமைப்பையும் (எந்த அதிர்வெண்களை இயந்திரம் பதிவுசெய்யலாம் என்பது) பாருங்கள். உணர்வு நரம்புக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ், இயக்க நரம்புக்கு 2 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் என்பது பரவலான அமைப்பு. யாராவது இரைச்சலைக் குறைக்க மேல் எல்லையை இறக்கிவிட்டால் உச்சி நகர்ந்து லேட்டன்சி நீண்டுவிடும். கீழ் எல்லையை ஏற்றினால் அலையின் உயரம் குறையும். லேட்டன்சியைத் தொடக்கத்தில் அளக்கிறோமா உச்சியில் அளக்கிறோமா, உயரத்தை அடிக்கோட்டிலிருந்து அளக்கிறோமா உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையில் அளக்கிறோமா என்பதும் வரம்பை எடுத்தவர் செய்ததோடு ஒத்திருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அந்தத் தாள்தான் முதல் பாடம்.

பதில்: உடலியல் முதுகலை

பெரியவர்களின் கருத்தோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். மருத்துவக் கல்லூரிகளில் உடலியல் துறை ஆண்டுதோறும் 100 மாணவர்களிடம் நரம்புக் கடத்தல் அளவுகளை எடுக்கிறது. அவர்கள் நம் மக்கள், ஆரோக்கியமானவர்கள், கேட்டவுடன் வருபவர்கள். வேறு நாட்டின் வரம்பைத் தேடிப் போவதைவிட இந்த எண்களை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்துவது நமக்குப் பெருமையும் பயனும் ஆகாதா?

பதில்: வைகை நரம்பியலர்

உங்கள் ஆர்வம் நியாயமானது. அந்த அளவுகள் வீணும் அல்ல. ஆனால் அவை 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு மட்டுமே வரம்பாகும். ஆய்வகத்துக்கு வருபவர்களில் அந்த வயதினர் எத்தனை பேர்? டிபியல் தசை அலையின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 2016 தொகுப்பில் 19 முதல் 29 வயதுக்குக் கீழ் வரம்பு 5.8 மில்லிவோல்ட், 60 முதல் 79 வயதுக்கு 1.1. மாணவர்களிடம் எடுத்த வரம்பைக் கொண்டு 65 வயது விவசாயியை அளந்தால் அவருக்கு இல்லாத நோயை எழுதிக் கொடுப்போம். குழந்தைகளுக்கும் அது ஆகாது. பிறந்த குழந்தையின் கடத்தல் வேகம் பெரியவர்களின் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான். 3 முதல் 5 வயதுக்குள் பெரியவர்களின் அளவை எட்டுகிறது. மாணவர்களின் அளவுகளோடு ஒவ்வொரு பத்தாண்டு வயதிலும் அதே முறையில் அதே அளவுக்கு ஆட்களைச் சேர்த்தால் அது மதிப்புமிக்க தொகுப்பாகும். அந்தப் பணியைத் தொடங்குவதற்கு உங்களைப் போன்றவர்களே தகுந்தவர்கள்.

பதில்: எண்ணும் எழுத்தும்

நான் மருத்துவர் அல்லேன். மருத்துவப் புள்ளியியல் கற்பிப்பவன். "எத்தனை பேர்" என்ற கேள்வி இன்னும் விடைபெறாமல் இருப்பதால் எழுதுகிறேன்.

வரம்பு என்பது, ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 97.5 விழுக்காட்டினர் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அந்தப் பக்கத்தின் கோடு. 120 பேரின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், அடியிலிருந்து மூன்றாவது இடத்தில் நிற்பவரின் அளவே கீழ் வரம்பு. 40 பேரை வரிசைப்படுத்தினால், அடியில் நிற்கும் அந்த ஒருவரே வரம்பாகிவிடுகிறார். அவருக்குச் சர்க்கரை இருந்து யாருக்கும் தெரியாமல் இருந்தால், உங்கள் ஆய்வகம் இனிச் செய்யப்போகும் ஒவ்வோர் அறிக்கையையும் அவருடைய நரம்பே தீர்மானிக்கும். மருத்துவ ஆய்வகங்களுக்கான தர நிறுவனமான சி.எல்.எஸ்.ஐ. ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது 120 பேர் என்று கேட்பது இதனால்தான். வயதாலும் உயரத்தாலும் நான்கு பிரிவு என்றால் 480 பேர். ஒரு நடுத்தர மருத்துவமனையால் அது ஆகக்கூடிய காரியம் அன்று.

ஆட்கள் குறைவாக இருக்கும்போது பலரும் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்தை (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்ற எண்) கழித்து வரம்பு காண்கிறார்கள். அளவுகள் இருபுறமும் சமச்சீராகப் பரவியிருந்தால் அது சரி. கடத்தல் வேகம் பெரும்பாலும் அப்படித்தான் பரவுகிறது. அலையின் உயரம் அப்படிப் பரவுவதில்லை. பெரும்பாலோர் தாழ்வான அளவுகளில் குவிந்திருக்க, சிலர் மட்டும் மிக உயர்ந்து நிற்பார்கள். ஒரு குழுவின் சூரல் சராசரி 12 மைக்ரோவோல்ட், திட்ட விலக்கம் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12இலிருந்து 14ஐக் கழித்தால் கீழ் வரம்பு சுழிக்கும் கீழே போய்விடுகிறது. அதன்படி அலையே எழாத கால்கூட இயல்பாகிவிடும். மடக்கை எடுத்தோ வர்க்கமூலம் எடுத்தோ பரவலைச் சமச்சீராக்கிவிட்டு வரம்பு கண்டு, பிறகு பழைய அலகுக்குத் திரும்ப வேண்டும். இதை 1990களின் தொடக்கத்திலேயே மின்னாய்வு மருத்துவ இதழ்களில் தெளிவாக எழுதிவிட்டார்கள். இன்றும் பல ஆய்வேடுகள் கழித்தல் கணக்கையே செய்கின்றன என்பது வருத்தம் தருகிறது.

சரிபார்க்கும் வழிக்கு வந்தால் சி.எல்.எஸ்.ஐ.யின் முறை எளியது. உங்கள் வட்டாரத்து ஆரோக்கியமானவர்கள் 20 பேரை, வெளியான வரம்பு எடுக்கப்பட்ட அதே முறையில் அளக்க வேண்டும். வரம்புக்கு வெளியே விழுபவர் 2 பேரைத் தாண்டாவிட்டால் அந்த வரம்பை ஏற்கலாம். மூவரோ நால்வரோ வெளியே விழுந்தால் புதிதாக இன்னும் 20 பேரை அளந்து பார்க்க வேண்டும். அதற்கு மேல் என்றால் முறையிலோ மக்களிலோ ஏதோ வேறுபடுகிறது என்று பொருள்.

இந்தச் சோதனையின் வலிமையை மிகையாக எண்ணிவிடவும் கூடாது. உங்கள் மக்களில் உண்மையில் 10 விழுக்காட்டினர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள் என்றாலும், 20 பேரில் 2 பேருக்கு மேல் வெளியே விழாமல் சோதனை தேறிவிடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. பெரிய பொருத்தமின்மையை மட்டுமே அது பிடிக்கும். அதனால் 20 பேரோடு நிறுத்தாமல், ஆண்டுதோறும் சிலரைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வெளியே விழுந்தவர்களை எண்ணுவதோடு, உங்கள் குழுவின் நடு அளவு வெளியான ஆய்வின் நடு அளவிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். நடு நகர்ந்திருப்பது விளிம்பு நகர்ந்திருப்பதைவிட விரைவில் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே நோயாளிக்குப் பல அளவுகளை எடுக்கும்போது எழும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அளவிலும் ஆரோக்கியமானவர் தவறாக மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 2.5 விழுக்காடு என்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 10 அளவுகளை எடுக்கும்போது குறைந்தது ஒன்றிலாவது நட்சத்திரம் விழும் வாய்ப்பு 22 விழுக்காட்டுக்கும் மேல். 20 அளவுகளில் ஏறக்குறைய 40. உண்மையில் அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் சற்றுக் குறையலாம். ஆயினும் தனித்து விழும் ஒரு நட்சத்திரத்தை நோய் என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வியாளர்: காவிரிப்படுகை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மின்முனை ஐயா கேட்டதற்கு விடை: அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்துப் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து 32 பாகைக்குக் கொண்டுவந்த பிறகு எடுத்தோம். பெரோனியல் வேகம் இரு பக்கமும் 41. சூரல் அலை 5 மைக்ரோவோல்ட். வயதுக்கும் உயரத்துக்கும் உரிய 43க்கு இந்த 41உம் குறைவு. இரு காலிலும் ஒன்றுபோல் இருக்கிறது, அனிச்சைச் செயலும் மங்கல் என்பதால், "கால்களில் லேசான நரம்பு நோய்க்கு இடமிருக்கிறது" என்று அறிக்கையில் எழுதினேன். பி12 உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளுக்கு அனுப்பியிருக்கிறோம்.

20 பேரைச் சரிபார்க்க முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. அந்த 20 பேரை எங்கே தேடுவது? நோயாளிகளோடு துணைக்கு வரும் உறவினர்களே எளிதில் கிடைப்பார்கள். இன்னொன்று, கணினியில் இருக்கும் எங்கள் பழைய நோயாளிகளின் ஆயிரக்கணக்கான அளவுகளிலிருந்தே இயல்பு வரம்பைக் கறந்துவிடலாம் என்று ஒரு முறை இருப்பதாகப் படித்தேன். அது நம்பத்தக்கதா?

பதில்: வைகை நரம்பியலர்

துணைக்கு வருபவர்கள் நல்ல தேர்வுதான். ஆனால் இரத்த உறவினரைவிடக் கணவனோ மனைவியோ மேல்; பரம்பரை நரம்பு நோய் உள்ள குடும்பத்தில் அண்ணன் தம்பியர் அறிகுறி இல்லாமலேயே அதைச் சுமந்திருக்கலாம். "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள், 5.7 விழுக்காட்டை எட்டியவரைச் சேர்க்க வேண்டாம். 10 கிராம் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பாதத்தைச் சோதியுங்கள். மதுப் பழக்கம், தைராய்டு, கழுத்து அல்லது இடுப்பு வலி, புற்றுநோய் மருந்து ஆகியவற்றைக் கேளுங்கள். தோலில் உணர்வற்ற தேமலும் தடித்த நரம்பும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். தொழுநோய் நம் மாவட்டங்களிலிருந்து முற்றிலும் போய்விடவில்லை. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் ஒவ்வொருவரின் எழுத்து வழி இசைவும் வேண்டும்.

தொழிலையும் குறித்துக்கொள்ளுங்கள். கையால் இடைவிடாமல் வேலை செய்பவர்களிடம் எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே மணிக்கட்டில் மீடியன் நரம்பு மெதுவாகக் கடத்துவது தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் பலமுறை காணப்பட்ட ஒன்று. பீடி சுற்றுபவர், தறி நெய்பவர், நாற்று நடுபவர் ஆகியோரை எல்லாம் விலக்கினால் உங்கள் நோயாளிகளைப் போன்றவர்களையே விலக்கியதாகும். அவர்களை மட்டுமே சேர்த்தால் வரம்பு தளர்ந்துவிடும். மக்களில் அவர்கள் இருக்கும் விகிதத்தை ஒட்டிச் சேர்ப்பதே என் வழக்கம். மணிக்கட்டுக்கு மட்டும், அதே கையின் அல்நார் நரம்போடு ஒப்பிடும் வித்தியாசத்தையும் சேர்த்து எடுங்கள். வயது, குளிர், உயரம் இரண்டு நரம்பையும் ஒன்றாகப் பாதிப்பதால் வித்தியாசம் அவற்றால் அதிகம் அசைவதில்லை.

பழைய பதிவுகளிலிருந்து வரம்பு காணும் எண்ணம் புதிதன்று. இரத்தப் பரிசோதனைகளுக்கு ஹாஃப்மன் 1963இலேயே இத்தகைய வழியைச் சொன்னார். நரம்புக் கடத்தலுக்கு ஜாப்ரேயும் அவருடைய குழுவினரும் 2015இல் இ-நார்ம்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். எல்லா நோயாளிகளின் அளவுகளையும் வரிசைப்படுத்தி வரைந்தால், இரு ஓரங்களிலும் செங்குத்தாகவும் நடுவில் ஏறக்குறைய படுத்தும் கிடக்கும் வளைகோடு கிடைக்கிறது. அந்த நடுப்பகுதியே ஆரோக்கியமானவர்களின் அளவு என்று கொள்வது இம்முறை. குழந்தைகளைப் போல, ஆரோக்கியமானவர்களை வரவழைத்து மின்தூண்டல் கொடுப்பது கடினமாக உள்ள இடத்தில் இது உண்மையான வரப்பிரசாதம். ஆனால் அனுப்பப்படுபவர்களில் கணிசமானவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட நரம்பு நன்றாக இருந்தால்தான் படுத்த பகுதி தெளிவாக எழும். உங்கள் ஆய்வகத்துக்குக் கால்களைக் காட்ட வருபவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள் என்றால் சூரல் நரம்புக்கு இதை நம்ப வேண்டாம். அல்நார் நரம்புக்குச் செய்து பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. வரம்பை மாற்றும்போது அதன் மேல் கட்டப்பட்டவையும் மாறுகின்றன. நோயெதிர்ப்பாற்றல் நரம்பின் உறையைத் தாக்கும் சி.ஐ.டி.பி. நோய்க்கான 2021 ஐரோப்பிய வரையறை, இரண்டு நரம்புகளில் வேகம் கீழ் வரம்பைவிட 30 விழுக்காடு குறைவதைத் தன் அளவுகோல்களில் ஒன்றாக வைக்கிறது. பெரோனியலுக்கு 38ஐ வைத்தால் அந்தக் கோடு 26.6, 43ஐ வைத்தால் 30.1. 28இல் நிற்கும் ஒரு குட்டையான இளைஞருக்கு இம்யூனோகுளோபுலின் சிகிச்சைக்கான கதவு திறப்பதும் மூடுவதும் நீங்கள் மென்பொருளில் உள்ளிடும் இந்த எண்ணைப் பொறுத்தது.

கேள்வியாளர்: காவிரிப்படுகை

மிக்க நன்றி டாக்டர். கடைசியாக ஒன்று: 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தத் தொகுப்பில் வரம்பே இல்லையே. கடந்த வாரம் 82 வயதுப் பெரியவர் ஒருவருக்கு இரு பக்கமும் சூரல் அலை எழவில்லை. பாதத்தில் எந்தத் தொந்தரவும் அவருக்கு இல்லை. கை மரத்துப்போவதற்காக வந்தவர்.

பதில்: வைகை நரம்பியலர்

அந்த வயதில் சூரல் அலை எழாமல் இருப்பது ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படுவதே; அதை மட்டும் கொண்டு நரம்பு நோய் என்று எழுத முடியாது. "இரு பக்கமும் சூரல் அலை பதிவாகவில்லை, இந்த வயதில் இதற்குத் தனித்த மதிப்பு குறைவு" என்று எழுதிவிட்டு, டிபியல், பெரோனியல் அளவுகளையும் கையிலுள்ள ரேடியல் உணர்வு அலையையும் பாருங்கள். ரேடியலும் மெலிந்திருந்தால் காரணம் தேட வேண்டும். அது நன்றாக இருந்தால், அவர் வந்தது கைக்காக; மீடியன் நரம்பை அதே கையின் அல்நாரோடு ஒப்பிட்டு அதற்கான விடையைக் கொடுத்தனுப்புங்கள்.